தசமிக்கும் ஏகாதசிக்கும் நடுவே ஒரு கம்ப்யூட்டர்

மச்சான்,

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை கடையைத் திறந்து, உன் கம்ப்யூட்டரைப் போட்டு, "என்ன தொர, ராத்திரி நல்ல தூக்கமா? இப்ப மணி என்னான்னு சொல்லுங்க பாப்போம்" என்று வாய்விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பதிலுக்காகத் தலையைக்கூட ஒரு பக்கம் சாய்த்திருந்தேன் என்று நினைக்கிறேன். பின்னால் யாரோ கனைத்தார்கள். திரும்பினால், அடையாள அட்டையைப் போட்டோக் காப்பி எடுக்க வந்த ஹாலிஎலப் பக்கத்து அம்மா ஒருவர் வாசலில் நிற்கிறார்.

"உள்ள யாருங்க இருக்கா?"

"யாரும் இல்லைங்கம்மா."

"அப்ப யாருகிட்டங்க பேசுனீங்க?"

"இதுகிட்டத்தான். நேரம் கேட்டேன்."

அம்மா சுவரைப் பார்த்தார். சுவரில் கடிகாரம் இருந்தது. என் கையைப் பார்த்தார். கையில் போன் இருந்தது. "நான் பொறகு வாறேங்க" என்று சொல்லி, அடையாள அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கிப் போனார். பத்து மணிக்குப் பால் விடாத பிளேன்டி ஒன்று குடிக்கப் போனபோது த்ரீவீல் ஸ்டாண்டுக்கே சேதி போயிருந்தது. "என்னண்ணே, கம்ப்யூட்டரம்மா சொகமா? சாப்புட்டாங்களா?" என்று ஒருவன் கேட்டான். "அவங்க இன்னைக்கு விரதம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்தபோது அந்தப் பெட்டியின் பின்னாலிருந்து சூடான தூசி வாசம் வந்தது. நீ பெட்டியின் தலையில் தினமும் பூசிவிடும் திருநீற்றில் கொஞ்சம் இன்னும் உள்ளே எங்கேயோ இருக்கிறது போலிருக்கிறது; அதுவும் வேகிறது. அந்த வாசம் வந்ததும் எனக்கு வேலை ஓடவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் எழுதுவேன். நீ படிக்கப் போவதில்லை. பக்கத்தில் யாராவது எட்டிப் பார்த்தால் அவர்களுக்காவது புரியட்டும்.

நம் கடை இன்னும் அதே இடத்தில், பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஏறும் வழியில்தான் இருக்கிறது. பலகையில் 'கொமினிகேஷன்' என்று இருந்தாலும் ஜாதகம் கணிப்பதும் கல்யாண அட்டை அடிப்பதும் போன் ரீலோட் போடுவதும்தான் பிழைப்பு. வேலைப் பகுதி உன்னுடையது, வாய்ப் பகுதி என்னுடையது என்று முதல் நாளே பிரித்துக்கொண்டோம். நீ தெமோதரைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குவாய். நான் கடைக்குப் பின்னாலிருக்கும் அறையிலிருந்து மூன்று எட்டு வைத்து வருவேன், அதிலும் உனக்குப் பிந்தித்தான் வருவேன். "மச்சான், ஒனக்கு ரோட்டுல டிராபிக்கா?" என்று கேட்பாய். கல்யாணம் கட்டாதவனுக்கு எழுப்பிவிட ஆள் இல்லை என்று நான் சொல்வேன். அதற்கு நீ சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. பெண்களும் படிப்பார்கள்.

உன் கிறுக்கு நேரம்தான். சாப்பாட்டு நேரமோ வீட்டுக்குப் போகும் நேரமோ இல்லை. அதிலெல்லாம் உன்னைவிட மோசமானவன் ஊவா மாகாணத்திலேயே கிடையாது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் நேரம்.

அதற்கு ஆரம்பம், நாட்டின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்திருந்தார்களே, அந்தக் காலம். ஊரெல்லாம் புது நேரம் வைத்தது. கோவிலும் ஜாதகமும் மட்டும் பழைய நேரத்தில் நின்றன. நீ நம் கம்ப்யூட்டரையும் பழைய நேரத்திலேயே நிறுத்திவிட்டாய். பிள்ளைக்கு ஜாதகம் கணிக்க வரும் தாய்மார்களிடம் நீ முதலில் கேட்பதே அதைத்தான்.

"அக்கா, நீங்க சொல்றது பழைய நேரமா, புது நேரமா?"

"புள்ள பொறந்த நேரந்தான் தம்பி."

"அது சரிக்கா. எந்த மணியில பாத்தீங்க?"

"ஆஸ்பத்திரி மணியில."

"ஆஸ்பத்திரி மணி புது நேரந்தானக்கா?"

"அது ஓடலையே தம்பி. நர்சம்மா கையப் பாத்துத்தான் சொன்னாங்க."

நீ தலையில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பாய். நான் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு குலுங்குவேன். வாடிக்கையாளர்களிடம் நான் கிளப்பிவிட்ட கதை வேறு இருந்தது: இந்தக் கடைக்குள் காலை வைத்தால் அரை மணி இளமை திரும்பும் என்று. அதை நம்பி வந்தவர்களில் ஒரு தலைமை ஆசிரியரும் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், அவர் இப்போதும் தலைக்கு மை பூசுகிறார்.

பிறகு ஒருநாள் அரசாங்கம் மனம் மாறி நாட்டைப் பழைய நேரத்துக்கே கொண்டுவந்தது. நீ கடை வாசலில் இறங்கி, இடுப்பில் கை வைத்து, பதுளைப் பட்டணத்தையே ஒரு பார்வை பார்த்தாய். "பாத்தியா மச்சான், நாடே என் மெஷினப் பாத்து மணியத் திருத்திக்கிச்சு." அந்தப் பெருமை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அப்போதுதான் டெலிபோன் லைனில் இன்டர்நெட் போட்டிருந்தோம். நேரத்தை இணையத்திலிருந்து கேட்டுத் திருத்திக்கொள்ளும்படி கம்ப்யூட்டரைப் பழக்கினாய். அதுவும் கேட்டுக்கொண்டு வந்தது. ஆனால் இலங்கை என்று தெரிந்தெடுத்தால் இன்னும் அரை மணி கூட்டியே காட்டியது. நாடு திரும்பி வந்த சேதி கம்ப்யூட்டர் செய்தவனுக்கு எட்டவில்லை. கடைசியில் நீ ஊர்ப் பட்டியலில் சென்னையைத் தெரிந்தெடுத்தாய். நேரம் சரியாக வந்தது.

"எங்க பாட்டன் கப்பலேறி வந்த ஊருக்கு மெஷினத் திருப்பி அனுப்பிட்டேன் மச்சான்" என்றாய். "பாஸ்போட்டும் கேக்கல, விசாவும் கேக்கல."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. உன் பெரியப்பா குடும்பம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, பிறகு கடிதமே வராமல் போன கதையை அன்று மத்தியானச் சோற்றோடு சொன்னாய். நான் வாழ்க்கையில் வாயை மூடிக்கொண்டு கேட்ட கதைகள் சொற்பம். அது ஒன்று.

கம்ப்யூட்டருக்குள் இரண்டு கடிகாரம் உண்டு என்று நீ சொன்னபோது, என்னைக் கேலி செய்கிறாய் என்றே நினைத்தேன். ஒன்று, பெட்டியைப் போட்டிருக்கும்வரை திரையில் ஓடுவது. மற்றது, உள்ளே பலகையில், சட்டைப் பொத்தான் அளவு ஒரு பேட்டரியைக் கட்டிக்கொண்டு ஓடுவது. கரண்ட் போனாலும், கடை சாத்தினாலும் அது மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் பெட்டியைப் போட்டதும் திரைக் கடிகாரம் முதலில் அதனிடம்தான் மணி கேட்கும். "தோட்டத்து லயத்துல, வரிசை வீட்டுல எல்லாரும் தூங்குனாலும் ஒரு கெழவர் மட்டும் இருமிக்கிட்டே முழிச்சிருப்பார்ல, அந்த மாதிரி" என்றாய். ஆனால் அந்தக் கிழவரைப் பூராவும் நம்ப முடியாதாம். குளிருக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி, பேட்டரி தளர்ந்தால் வேறு மாதிரி. ஒரு நாளைக்குக் கொஞ்சம் பிசகுவார். யாரும் கேட்காவிட்டால் அந்தக் கொஞ்சம் சேர்ந்துகொண்டே போகும்.

"தனியா ஓடுறதுல்ல மச்சான், பிசகத்தான் செய்யும். அதுமேல கோவப்படக் கூடாது. அப்பப்ப யாராச்சும் பக்கத்துல நின்னு ஒத்துப் பாக்கணும்."

இதை நீ சொன்ன நேரத்தில் நான் வடை தின்றுகொண்டிருந்தேன். பெரிய வார்த்தையாகப் படவில்லை. இப்போது படுகிறது, வடைதான் இறங்க மாட்டேன் என்கிறது.

ஒத்துப் பார்ப்பது எப்படி என்பதற்கும் நீ பாடம் எடுத்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை உங்கள் தோட்டத்துக்குக் கூட்டிப் போனாய். கோழிக்குழம்பு என்ற பேச்சை நம்பித்தான் வந்தேன். கோவில் மேட்டில் நிறுத்திவைத்து, எதிர் மலையில் தேயிலைச் செடி வெட்டும் மட்டக்கத்தியோடு நின்ற ஒருவரை நோக்கிக் கையைக் குவித்து, "மாமோய்! மணி என்னா?" என்று கத்தினாய். சத்தம் பள்ளத்தில் இறங்கி ஏறிப் போனது. அவர் நின்று, கையைத் தூக்கிப் பார்த்து, எதையோ கத்தினார். அது இறங்கி ஏறி வந்தது.

"பாத்தியா. நான் கேட்டது போய், அவரு சொன்னது வந்து சேர்றதுக்குள்ள அவரு மணி கொஞ்சம் ஓடியிருக்கும்ல? போக வர எவ்வளவு ஆச்சுன்னு பாத்து, அதுல பாதியச் சேத்துக்கணும். நெட்டுல கம்ப்யூட்டரும் இதத்தான் செய்யுது."

"அவரு என்னா மணி சொன்னாரு?"

"மணி சொல்லலடா. 'சோலி இல்லையாடா ஒங்களுக்கு'ன்னு ஏசினாரு."

கடை சாத்துமுன் நீ தினமும் கறுப்புத் திரையில் ஒற்றை வரி தட்டுவாய். இணையத்தில் கேட்டுத் திருத்திய நேரத்தை உள்ளே இருக்கும் கிழவரிடம் எழுதிவைக்கும் கட்டளை அது. ஏன் இந்த வேலை, பஸ் போய்விடும் என்று நான் அவசரப்படுத்துவேன். "வெளிய திருத்துனா மட்டும் பத்தாது மச்சான். உள்ளயும் எழுதிவச்சிறணும். இல்லாட்டி நாளைக்குக் காலையில பழைய பொய்யவே எடுத்துக்கிட்டு வந்து நிப்பாரு" என்பாய். பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸுக்கு இருவரும் கதவுப் பலகையில் உட்கார்ந்து ஊர் வம்பு பேசுவோம். பஸ்ஸை விடுவதற்காகவே நீ அந்த வரியை மெதுவாகத் தட்டினாயோ என்று இப்போது ஒரு சந்தேகம். சந்தேகம் கேட்க ஆள் இல்லை.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவேன்.

பெருமழை பெய்து, மண் சரிந்து, லைன் அறுந்து, நம் கடைக்கு மூன்று வாரமாக இன்டர்நெட் இல்லாமல் இருந்தது. "மெஷின் அநாதையாக் கெடக்கு மச்சான், மணிய நம்பாத" என்று நீ புலம்பிக்கொண்டிருந்தாய். அன்று காலை, வாரப் பத்திரிகைக்காக நான் கிறுக்கியிருந்த நகைச்சுவைக் கட்டுரையை நீ தட்டச்சு செய்துகொண்டிருந்தாய். நான் வழக்கம்போல உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நீ எந்த இடத்தில் சிரிக்கிறாய் என்று காதால் எண்ணிக்கொண்டிருந்தேன். என் எழுத்துக்கு இருந்த ஒரே திறனாய்வு அதுதான். முதல் பத்தியில் சிரித்தாய். மாமியார் வரும் இடத்தில் சிரித்தாய். பிறகு சத்தம் நின்றது. கட்டுரை அந்த இடத்தில் தொய்கிறது போல, வெட்டிவிட வேண்டும் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே திரும்பினால் உன் தலை விசைப்பலகையில் கிடந்தது. திரையில் ஒரே எழுத்து வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் மணி தெரிந்தது. அந்த மணிதான் கண்ணில் ஒட்டிக்கொண்டது. வெளியே ஓடிக் கத்தினேன். த்ரீவீல்காரர்கள் தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில், வரும்போதே முடிந்துவிட்டது என்றார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த துண்டில் இருந்தது அவர்கள் பார்த்த நேரம்.

அவ்வளவுதான். லைன் வந்ததும் மெஷின் தானாகவே கேட்டுத் திருந்திக்கொண்டது. எத்தனை நிமிடம் பிசகியிருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. பார்ப்பவன் நீதானே.

வருசத் திதி நெருங்கியபோது தங்கச்சி, உன் வீட்டுக்காரி, ஆள் விட்டுக் கூப்பிட்டாள். போனேன். லயத்து வீட்டில் உன் படத்துக்கு முன்னால் பாய் போட்டு உட்கார வைத்து, பிளேன்டியும் கருப்பட்டித் துண்டும் கொடுத்தாள்.

"அண்ணே, அவருக்குத் திதி என்னைக்குன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

"அதுக்கென்ன தங்கச்சி, கடையில போட்டா வந்திரும்."

"சும்மா போட்டுச் சொல்லாதீங்க. எங்க நாத்தனாரு தசமின்னு ஒரே பிடியா நிக்குறாங்க. நான் ஏகாதசின்னு நெனைக்குறேன். அன்னைக்குத்தான் ரெண்டும் மாறுச்சாம்ல."

"எதுன்னா என்ன தங்கச்சி, அவன் ரெண்டு நாளும் வந்து தின்னுட்டுப் போவான்."

அவள் சிரிக்கவில்லை. முந்தானையால் உன் படத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஊருல எத்தன புள்ளைக்கு நேரம் பாத்துக் குடுத்த மனுசன். அரை நிமிசம் தப்புனாலும் சோறு எறங்காது அவருக்கு. அந்த மனுசனுக்கே நாம நேரத்தத் தப்பாச் செஞ்சிறக் கூடாதுங்கண்ணே. ஏகாதசியா இருந்தா மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும். இல்லாட்டியும் பரவால்ல. சரியா இருக்கணும்."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

கடைக்கு வந்து போட்டுப் பார்த்தேன். அன்று காலை தசமி முடிந்து ஏகாதசி பிறந்திருக்கிறது. நான் திரையில் பார்த்த மணிக்கும் ஏகாதசி பிறந்த மணிக்கும் நடுவில் நாலு நிமிடம். திரை மணி சரி என்றால் நீ தசமியில் போனாய். உள்ளே இருக்கும் கிழவர் நாலு நிமிடத்துக்கு மேல் பிந்தியிருந்தார் என்றால், நீ உண்மையில் போனது ஏகாதசியில். உன் மோட்சம், தங்கச்சியின் ஆறுதல், நாத்தனாரின் வாய் எல்லாம் சேர்ந்து ஒரு பொத்தான் பேட்டரியின் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டன.

ஏகாதசி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காலை நீட்டிப் படுத்திருக்கலாம். பொய் எனக்குப் புதிதா? வயிற்றுப் பிழைப்பே அதுதான். ஆனால் அன்று கதவைச் சாத்தப் போனவன் சாத்தாமல் நின்றேன். உன் நாற்காலி காலியாக இருந்தது. காலி நாற்காலிக்கு முன்னால் பொய் சொல்வது, நீ இருக்கும்போது சொல்வதைவிடக் கஷ்டமாக இருக்கிறது மச்சான். நீ இருந்தால் கண்டுபிடிப்பாய், ஏசுவாய், முடிந்துவிடும்.

ஆகவே சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். நீ எழுதி ஒட்டிவைத்திருந்த அந்த ஒற்றை வரியைப் பார்த்து, நாலு தடவை தப்பாகத் தட்டி, ஐந்தாவது தடவை சரியாகத் தட்டி, இணைய நேரத்தை உள்ளே எழுதினேன். பிறகு கேபிளைக் கழற்றிவிட்டேன். அதே பெட்டி, அதே பேட்டரி, அதே மூன்று வாரம். பகலில் போட்டு, கடை சாத்தும்போது அணைத்து, காலையில் கேட்பது. போன் சரியான மணி சொல்லும். கிழவர் தன் மணியைச் சொல்வார். கழித்துப் பார்க்க வேண்டும். கணக்கில் நான் எப்படி என்பது உனக்குத் தெரியும். கழித்தல் என்றால் இன்றும் விரலை மடக்குவேன்.

முதல் வாரம் கிழவர் அசையவே இல்லை. நல்ல வெயில். போனும் அவரும் கைகோத்துக்கொண்டு நடந்தார்கள். தசமிதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். "தொர, கொஞ்சம் சோம்பேறியா இருங்க, என்னயப் பாத்தாச்சும் படிங்க" என்று முதல் தடவை அவரோடு பேசியது அப்போதுதான். இரண்டாவது வாரம் மழை பிடித்தது. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. கடையில் குளிர் தங்கிவிட்டது. கிழவர் தளர ஆரம்பித்தார். ஒவ்வொரு காலையும் இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தார். எனக்கு அதில் சந்தோஷம் வந்த விதத்தைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வெள்ளைத் துணி போட்டு மூடியது போலக் கிடக்கிற மழையில், ஆள் வராத கடையில், ஒரு கடிகாரம் கெட்டுப்போவதைப் பார்த்து ஒருவன் கை தட்டிக்கொண்டிருக்கிறான்.

ஆனால் உள்ளதைச் சொல்கிறேன். அந்த மூன்று வாரமும் காலையில் எழுந்திருக்க எனக்குக் காரணம் இருந்தது. மூன்று எட்டுத் தூரத்துக்குப் பிந்தாமல் வந்தேன். வந்தவுடன் ஒருவரிடம் கேள்வி கேட்டேன், அவர் பதில் சொன்னார். நீ போனதிலிருந்து இந்தக் கடையில் அப்படி ஒன்று நடந்ததில்லை. வாடிக்கையாளர் கேட்கிறார்கள், நான் சொல்கிறேன். நான் எதையாவது சொன்னால் சிரிக்கிறார்கள். நான் பிசகியிருக்கிறேனா என்று ஒத்துப் பார்க்க யாரும் இல்லை. சென்ற மாதம் ஒரே நகைச்சுவைத் துணுக்கை இரண்டு வாரம் அனுப்பியிருக்கிறேன்; பத்திரிகைக்காரர்களும் இரண்டு வாரமும் போட்டிருக்கிறார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்தக் கோவில் மேட்டில் நின்று நீ கத்தியது போல நானும் சில நேரம் மனதுக்குள் கத்துகிறேன். கேள்வி போகிறது. திரும்பி வந்தால்தானே, போக வர எவ்வளவு ஆயிற்று என்று பார்த்துப் பாதியைச் சேர்க்க முடியும்? எதிர் மலையில் நீ ஏசினால்கூடப் போதும்.

மூன்றாம் வாரம் முடிந்த காலை கழித்துப் பார்த்தேன். விரலை மடக்கினேன். திரும்பவும் மடக்கினேன். ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே பிந்தியிருந்தார். ஏகாதசி! "மச்சான்!" என்று திரும்பினேன். திரும்பிய பிறகுதான் நாற்காலி ஞாபகம் வந்தது.

கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறினேன். தங்கச்சி கொழுந்துக் கூடையோடு மேட்டில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். பாதையிலேயே சொன்னேன்.

"அவன் பிந்தல தங்கச்சி. மெஷின்தான் பிந்திருச்சு. அவன் போனது ஏகாதசிதான்."

"நெசமாவாண்ணே? எனக்காகச் சொல்லலியே?"

"மூணு வாரம் ஒத்துப் பாத்தேன். ஒம் புருசன் சொல்லிக் குடுத்த மாதிரியே."

அவள் கூடையை இறக்கிவைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "கட்டுன நாள்லருந்து ஒருநாளாச்சும் வீட்டுக்கு நேரத்தோட வந்ததில்ல அந்த மனுசன். போறதுக்கு மட்டும் நேரம் பாத்துப் போயிருக்காரு" என்றாள். அழுகைக்குள் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. எனக்கும்தான். கூட வந்த பெண்கள் எங்கள் இருவரையும் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

சென்ற வாரம் ஏகாதசியன்று திதி நடந்தது. நாத்தனார் வந்திருந்தார், வாயைத் திறக்கவில்லை, வடைக்கு மட்டும் திறந்தார். உனக்குப் பிடித்த உருளைக்கிழங்குப் பிரட்டல் இலையில் இருந்தது, வெலிமடைக் கிழங்கு. குருக்கள் உன் பெயரைச் சொல்லித் தண்ணீர் விடச் சொன்னார். தங்கச்சியின் முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்த்தபோது, வாழ்க்கையில் நானும் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து முடித்துவிட்டேன் என்று கொஞ்சம் தலைக்கு ஏறியது.

இனிக் கேபிளைப் போட்டுவிடலாம். போடவில்லை. தினமும் காலையில் கேட்கிறேன், கழிக்கிறேன், கடை சாத்துமுன் போனைப் பார்த்துத் திருத்தி, உன் ஒற்றை வரியைத் தட்டி உள்ளே எழுதிவிடுகிறேன். இப்போது தப்பில்லாமல் தட்ட வருகிறது. ரொம்ப மெதுவாகத் தட்டுகிறேன். பிடிக்க வேண்டிய பஸ் எனக்கு இல்லை.

தங்கச்சியிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. சொல்லவும் மாட்டேன். திதி முடிந்து குருக்களோடு தெமோதரைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது, அவர் பையில் நீட்டிக்கொண்டிருந்த போன வருடத்துப் பஞ்சாங்கத்தைச் சும்மா வாங்கிப் புரட்டினேன். நம் கம்ப்யூட்டர் கணிப்பது திருக்கணிதப் பஞ்சாங்கம். குருக்கள் பார்ப்பது பழைய வாக்கியப் பஞ்சாங்கம். உங்கள் தோட்டத்தில் நல்லது கெட்டது எல்லாமே அதன்படிதான். இரண்டுக்கும் திதி மாறுவதில் பல மணி நேரம் வித்தியாசம் வரும் என்பது இத்தனை வருடம் ஜாதகக் கடையில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியும். ஞாபகம்தான் வரவில்லை. குருக்களின் பஞ்சாங்கப்படி நீ போன அன்று பிற்பகல்வரை தசமி.